கத்தரிக்காய்க்குக் குளிர் ஆகாது: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, வாங்கி வைத்த காய்கறியும் பழமும் வீட்டில் கெட்டுப்போவதைப் பற்றியவை. காவிரிப் படுகையின் வெயிலையும் ஈரக்காற்றையும் மனத்தில் கொண்டு, அவற்றுள் ஏழு கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஞாயிறுதோறும் உழவர் சந்தைக்குச் சென்று ஒரு வாரத்துக்கு வேண்டிய காய்களை வாங்கி வந்து, எல்லாவற்றையும் குளிர்சாதனப் பெட்டியில் அடுக்கிவிடுகிறேன். புதன்கிழமைக்குள் கத்தரிக்காயில் பழுப்புக் குழிகள் விழுகின்றன, வெள்ளரிக்காய் வழவழத்துப் போகிறது, வெண்டைக்காய் கறுக்கிறது. ஆனால் கேரட்டும் முட்டைகோஸும் வாங்கியபடியே இருக்கின்றன. பெட்டியில் ஏதேனும் கோளாறா?
(ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: பெட்டி சரியாகத்தான் வேலை செய்கிறது. எல்லாக் காய்களையும் ஒரே குளிரில் வைத்ததுதான் காரணம்.

செடியிலிருந்து பறித்த பின்னும் காய்க்கு உயிர் இருக்கிறது. அது மூச்சு விடுகிறது. தன்னுள் இருக்கும் சர்க்கரையைச் செலவழிக்கிறது. தோல் வழியாக நீரை இழக்கிறது. குளிர்ச்சி இந்த மூச்சின் வேகத்தைக் குறைப்பதால்தான் காய் நாள்பட நிற்கிறது. ஆனால் எந்தக் காய் எவ்வளவு குளிரைத் தாங்கும் என்பது, அதன் செடி எத்தகைய தட்பவெப்பத்துக்குப் பழகியது என்பதைப் பொறுத்தது. கேரட், பீட்ரூட், முட்டைகோஸ், காலிஃபிளவர் ஆகியவை குளிர்ப் பகுதிப் பயிர்கள். நமக்கு அவை பெரும்பாலும் நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வருகின்றன. பெட்டிக்குள் இருக்கும் 3 முதல் 5 டிகிரி செல்சியஸ் குளிர் அவற்றுக்கு ஏற்றது. கத்தரி, வெண்டை, வெள்ளரி போன்றவை வெப்ப நிலத்துப் பயிர்கள். ஏறத்தாழ 10 டிகிரிக்குக் கீழே சில நாட்கள் வைத்தால் அவற்றின் திசுக்களின் மென்சவ்வுகள் சிதைகின்றன. அதன் அடையாளமே நீங்கள் கண்ட குழிகளும் வழவழப்பும் கத்தரிக்காயின் உள்ளே விதைகள் பழுப்பேறுவதும். பல நேரங்களில் இந்தச் சேதம் பெட்டிக்குள் தெரியாமல், வெளியே எடுத்து வைத்த சில மணி நேரத்தில்தான் வெளிப்படும்.

சித்திரை வெயிலில் சமையலறையே 35 டிகிரிக்கு மேல் கொதிக்கும்போது வெளியே வைத்தாலும் வாடிவிடுமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அப்படிப்பட்ட நாட்களில் இந்த நாட்டுக் காய்களைப் பருத்திப் பையில் போட்டு, பெட்டியின் கதவுத் தட்டில் வையுங்கள். பொதுவாக அங்கேதான் குளிர் குறைவு. அங்கும் மூன்று நாட்களுக்கு மேல் வைக்க வேண்டாம். மற்ற மாதங்களில் காற்றோட்டமுள்ள நிழலில், ஒன்றன்மேல் ஒன்று குவிக்காமல் கூடையில் பரப்பி வைத்தாலே இரண்டு மூன்று நாட்கள் நன்றாக இருக்கும். இதைவிடப் பயனுள்ளது சமையலின் வரிசையை மாற்றிக்கொள்வது. ஞாயிறு முதல் செவ்வாய் வரை கீரை, வெண்டை, கத்தரி, வெள்ளரி. புதனுக்குப் பிறகு அவரை, பீன்ஸ். வார இறுதியில் கேரட், கோஸ், பீட்ரூட் என்று வைத்துக்கொண்டால், பெட்டியை நம்ப வேண்டிய தேவை பாதியாகக் குறையும். கேரட், பீட்ரூட், முள்ளங்கி ஆகியவற்றின் தழையை வாங்கி வந்த அன்றே நறுக்கி எடுத்துவிடுங்கள். தழை கிழங்கிலிருக்கும் நீரை உறிஞ்சி அதைத் தளரச் செய்துவிடும்.

தக்காளியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். செங்காயான தக்காளியைக் குளிரில் வைத்தால் அது சரியாகப் பழுக்காது, மணமும் ஏறாது. காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி ஒரே அடுக்காகத் தட்டில் வைத்துப் பழுக்கவிட்டு, நன்கு சிவந்தவற்றை மட்டும் பெட்டிக்குள் மாற்றினால் போதும்.

கேள்வி: கொல்லையில் விளைந்த பூவன் தாரை வெட்டி வைத்தால் எல்லாச் சீப்புகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பழுத்து, நான்கு பேர் உள்ள வீட்டில் பாதி வீணாகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் புகைமூட்டம் போடச் சொல்கிறார். கடையில் ஒரே சீராக மஞ்சளாக இருக்கும் பழங்களெல்லாம் கல் வைத்துப் பழுக்க வைத்தவை என்கிறார்களே, அது உண்மையா?
(ஒரு வாசகர், திருவையாறு)

பதில்: வாழை பழுக்கத் தொடங்கும்போது எத்திலீன் என்னும் வாயுவைத் தானே வெளியிடுகிறது. அந்த வாயு அருகிலிருக்கும் காய்களையும் பழுக்கத் தூண்டுகிறது. அவையும் பழுத்து மேலும் எத்திலீனை வெளியிடுகின்றன. தாரை முழுதாக ஒரு மூலையில் சாத்தி வைத்தால் எல்லாம் சேர்ந்து பழுப்பது இதனால்தான். தாரில் முதலில் விட்ட மேல் சீப்புகளே முதலில் முற்றும். ஆகவே வெட்டிய அன்றே சீப்புகளாகப் பிரித்து, பால் வடிந்து உலர்ந்த பின், முற்றியவற்றில் இரண்டை மட்டும் ஒரு பழுத்த பழத்துடன் சாக்கிலோ வைக்கோலிலோ மூடி வையுங்கள். மற்றவற்றை வேறு அறையில், காற்றோட்டமான இடத்தில், ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிடுங்கள். முதல் இரண்டு சீப்பு தீரும் நேரத்தில் அடுத்த இரண்டை மூடினால் போதும். பச்சையாக இருக்கும் கடைசிச் சீப்புகள் வறுவலுக்கோ பொரியலுக்கோ உதவும்.

பெரியவர் சொன்ன புகைமூட்டம் வெறும் நம்பிக்கை அன்று. புகையிலும் எத்திலீன் உண்டு. மூடிய இடத்தின் வெம்மையும் சேர்ந்து பழுப்பதை விரைவுபடுத்துகிறது. ஆனால் அது தார் முழுவதையும் ஒரே நேரத்தில் பழுக்க வைக்கும் முறை. திருமணத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ அது பொருந்தும். உங்கள் வீட்டுக்குத் தேவையானது நேர் எதிரான முறை.

கல் என்று சொல்லப்படுவது கால்சியம் கார்பைடு. ஈரம் பட்டதும் அது அசிட்டிலீன் வாயுவை வெளியிடும். தொழிற்சாலைக்கென்று செய்யப்படும் அந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கக்கூடும் என்பதால், 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் அதைக் கொண்டு பழங்களைப் பழுக்க வைப்பதைத் தடை செய்திருக்கின்றன. எத்திலீன் வாயுவைப் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை பயன்படுத்த அனுமதி உண்டு. காம்பு பச்சையாகவும் தோல் மஞ்சளாகவும் இருந்தால் கல் வைத்தது என்று பலரும் சொல்கிறார்கள். அனுமதிக்கப்பட்ட முறையில் குளிர் அறையில் பழுத்த பழத்துக்கும் காம்பு பச்சையாக இருக்கும் என்பதால், கண்ணால் பார்த்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. கல்லின் சாம்பல் நிறத் தூள் தோலில் ஒட்டியிருந்தால் அந்தப் பழத்தை வாங்காதீர்கள். வாழையில் இன்னும் நுணுக்கமான ஐயங்கள் இருந்தால், 1993-இல் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் உங்களுக்கு எட்டும் தொலைவில், திருச்சியிலேயே இருக்கிறது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பழுக்கும் வாழை, மா, பப்பாளி, சப்போட்டா எதையும் கீரைக்கும் வெள்ளரிக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். அந்த வாயு பட்டால் கீரையும் வெள்ளரியும் விரைவில் மஞ்சளாகும். ஆப்பிளுடன் சேர்த்து மூடி வைத்த கேரட் கசப்பதும் இதே காரணத்தால்தான்.

கேள்வி: மழைக்காலத்தில் கீரையும் கொத்தமல்லியும் மறுநாளே அழுகிவிடுகின்றன. செய்தித்தாளில் சுற்றி வைத்தும் பயன் இல்லை. என்ன செய்வது?
(ஒரு வாசகி, மயிலாடுதுறை)

பதில்: முதலில் செய்தித்தாளை விட்டுவிடுங்கள். அச்சு மையிலுள்ள வேதிப்பொருள்கள் உணவில் இறங்கும் என்பதால், உணவைச் செய்தித்தாளில் பொதிவதற்கு எதிராக இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-லேயே அறிவுரை வழங்கியது. ஈரக் கீரையில் மை இன்னும் எளிதாக ஒட்டும். பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்துத் துவைத்து வைத்துக்கொள்வது எல்லா வகையிலும் நல்லது.

ஐப்பசி, கார்த்திகையில் சந்தைக்கு வரும் கீரை பறிக்கும்போதே நனைந்திருக்கும். இலையின் மேல் நிற்கும் நீர்தான் அழுகலுக்கு வழி திறக்கிறது. கட்டின் நடுவே காற்றுப் புகாமல் வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. எனவே வீட்டுக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, அழுகிய இலைகளை நீக்கி, வேரை நறுக்கிவிட்டு, துணியில் பரப்பி மின்விசிறியின் கீழ் அரை மணி நேரம் உலரவிடுங்கள். பின்னர் உலர்ந்த துணியில் தளர்வாகச் சுருட்டிப் பெட்டியின் அடித்தட்டில் வைத்தால் இரண்டு மூன்று நாட்கள் நிற்கும். கழுவுவது சமைக்கும் நேரத்தில்தான். வைப்பதற்கு முன் கழுவக் கூடாது. கோடையில் நிலைமை வேறு. அப்போது கீரை அழுகுவதைவிட வாடுவதே அதிகம் என்பதால் துணியைச் சிறிது நனைத்துப் பிழிந்து சுற்ற வேண்டும். ஒரே முறையை ஆண்டு முழுவதும் கடைப்பிடிப்பதாலேயே பல வீடுகளில் கீரை வீணாகிறது.

கொத்தமல்லியையும் புதினாவையும் தண்டு மட்டும் நீரில் நிற்கும்படி தம்ளரில் வைத்து, நீரை நாள்தோறும் மாற்றலாம். கறிவேப்பிலையை ஈர்க்கிலிருந்து உருவி, நிழலில் ஈரம் போக உலர்த்தி, கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் குளிரில் வைத்தால் இரண்டு வாரமாவது பச்சை மாறாது. முருங்கைக்கீரையைச் சேமிக்க முயலவே வேண்டாம். இரவு முழுவதும் துணியில் சுற்றி வைத்தால் காலையில் இலைகள் தாமாக உதிர்ந்துவிடும். ஆய்வதற்கு அது வசதிதான் என்றாலும், அன்றே சமைத்துவிட வேண்டும்.

கேள்வி: விசேஷத்துக்கு வாங்கிய வெற்றிலைக் கவுளி மீதமானால் கறுத்துவிடுகிறது. எப்படி வைப்பது?
(ஒரு வாசகர், பாபநாசம்)

பதில்: நனைத்து நன்கு பிழிந்த துணியில் சுற்றி, மேலே வாழைப்பட்டை வைத்துக் கட்டி, நிழலான தரையில் வையுங்கள். நாள்தோறும் அவிழ்த்து, புள்ளி விழுந்த இலையை எடுத்துவிட வேண்டும்; ஒன்று அழுகினால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் இலைகளும் அழுகும். வெற்றிலையும் வெப்ப நிலத்துக் கொடிதான் என்பதால் கடுங்குளிரில் கறுத்துவிடும். 2025-இல் புவிசார் குறியீடு பெற்ற கும்பகோணம் வெற்றிலை உங்கள் பக்கத்திலேயே விளைகிறது; தேவைக்கு அளவாக வாங்குவது உங்களுக்குக் கடினமாக இராது.

கேள்வி: 2018 கஜா புயலுக்குப் பிறகு எங்கள் ஊரில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. கடைகளும் திறக்கவில்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகு ஒவ்வோர் ஐப்பசியிலும் அச்சமாக இருக்கிறது. மின்சாரம் இல்லாமல் சேமிக்கத்தக்க காய்கள் எவை?
(ஒரு வாசகர், வேதாரண்யம்)

பதில்: 2018 நவம்பர் 16-ஆம் நாள் அந்தப் புயல் உங்கள் கரையில்தான் ஏறியது. அதைக் கண்டவர்களின் அச்சம் நியாயமானது. ஆகவே உங்களுக்குச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீண்ட நாள் நிற்பதில் முதலிடம் சாம்பல் பூசணிக்கு. அதன் தோலின் மேல் படிந்திருக்கும் வெண்பொடி ஒருவகை மெழுகு. நீரிழப்பையும் பூஞ்சையையும் அது தடுக்கிறது. அதைத் துடைக்காமல், காம்பை ஒடிக்காமல், அடிபடாமல் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. நன்கு முற்றிய பரங்கிக்காயும் ஒன்றிரண்டு மாதம் தாங்கும். இரண்டையும் தரையில் வைக்காமல் பரணிலோ உறியிலோ வையுங்கள். மழைக்காலத்தில் தரையின் ஈரம் ஏறி அடிப்பாகம் மெத்தென்று ஆகிவிடும். சேனையும் கருணையும் மண் உலர்ந்த நிலையில், கழுவாமல், காயமில்லாமல் இருந்தால் பல வாரங்கள் நிற்கும். சேப்பங்கிழங்கையும் இஞ்சியையும் உலர்ந்த மணலில் புதைத்து வைக்கலாம். முழுத் தேங்காயைக் குடுமியை எடுக்காமல் வைக்க வேண்டும். குடுமி போனால் கண் வழியாகக் காற்றும் பூஞ்சையும் நுழைந்துவிடும்.

வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் தனித்தனி இடம் தேவை. உருளையிலிருந்து வெளியேறும் ஈரம் வெங்காயத்தை முளைக்கவும் அழுகவும் செய்யும். சின்ன வெங்காயத்தைத் தாளோடு வாங்கினால் கொத்தாகக் கட்டிக் காற்றில் தொங்கவிடுங்கள். உதிரியாக வாங்கினால் முறத்தில் பரப்பி, வாரம் ஒரு முறை கிளறி, மெத்தென்றானதைப் பொறுக்கி எடுங்கள். உருளைக்கு இருட்டு வேண்டும். வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகும். அந்தப் பச்சை, சொலனின் என்னும் நச்சுப்பொருள் கூடியிருப்பதற்கான அறிகுறி. சிறிய திட்டாக இருந்தால் ஆழமாகச் சீவி எறியலாம். பெரும்பகுதி பச்சையாகிவிட்டாலோ சமைத்த பின் கசந்தாலோ முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

இவற்றோடு மாசி, பங்குனி வெயிலிலேயே கத்தரி, கொத்தவரை, சுண்டை, மணத்தக்காளி வற்றல்களைப் போட்டு வைப்பது நல்லது. புயல் வரும் மாதத்தில் வெயிலைத் தேட முடியாது. நன்கு காய்ந்த வற்றல் ஒடித்தால் சட்டென்று முறியும். வளைந்தால் இன்னும் ஒரு வெயில் வேண்டும்.

மின்சாரம் நின்றதும் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தால் ஏறத்தாழ நான்கு மணி நேரம் உள்ளே குளிர் நிற்கும். அதன் பிறகு நறுக்கிய காய், வெட்டிய பழம், அரைத்த தேங்காய் ஆகியவற்றை வைத்திருக்க வேண்டாம்; முழுக் காய்களை வெளியே எடுத்துப் பரப்பிவிடலாம். வெள்ளநீர் தொட்ட கீரையையும் மெல்லிய தோலுள்ள காய்களையும், எவ்வளவு கழுவினாலும், சாப்பிடக் கூடாது. அந்த நாட்களில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மருத்துவரை அடைவதே கடினம் என்பதால் இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

கேள்வி: பொங்கலுக்குப் பிறகு வீடு நிறையக் காய்கள் மிஞ்சுகின்றன. வெட்டிய பரங்கி பூஞ்சை பிடிக்கிறது. மஞ்சள் கொத்தையும் மொச்சையையும் என்ன செய்வதென்று தெரியவில்லை.
(ஒரு வாசகி, தஞ்சாவூர்)

பதில்: பரங்கியில் முதலில் கெடுவது விதையும் அதைச் சுற்றிய நாரும். வெட்டிய உடனே அவற்றை வழித்தெடுத்துவிட்டு, மூடிய பாத்திரத்தில் குளிரில் வைத்தால் நான்கைந்து நாட்கள் நிற்கும். கண்ணுள்ள தேங்காய் மூடி மற்றதைவிட விரைவில் கெடும் என்பதால் அதையே முதலில் துருவுங்கள். மொச்சையை உரித்து, கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்து, குளிர்ந்த நீரில் ஆறவைத்து, ஈரம் துடைத்து உறைபெட்டியில் வைத்தால் சில மாதங்களுக்குப் பயன்படும். வாழைக்காயை நீரில் மூழ்க வைத்து நாள்தோறும் நீரை மாற்றினால் பழுப்பது சற்றுத் தள்ளிப்போகும். மஞ்சள் கொத்தைச் சேமிக்க நினைக்காமல் கொல்லையிலோ தொட்டியிலோ நட்டுவிடுங்கள். சர்க்கரைவள்ளிக்கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவே கூடாது. நடுப்பகுதி வேகாமல் கெட்டிப்பட்டுவிடும்.

கேள்வி: எனக்கு வயது 70-க்கு மேல். தனியாக இருக்கிறேன். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. கூடைக்கார அம்மாளிடம் வாங்கும் காயில் பாதி மறுநாளைக்கு மிஞ்சுகிறது. பங்குனி பிறந்தால் எல்லாம் வாடிப்போகிறது.
(ஒரு மூதாட்டி, திருவாரூர்)

பதில்: அம்மா, வணக்கம். தங்கள் வீட்டுக்கு மண்பானையே போதும். வாயகன்ற பெரிய மண்தொட்டி ஒன்றின் அடியில் ஆற்றுமணலைப் பரப்பி, அதன் மேல் மெருகு பூசாத சிறிய பானை ஒன்றை வைத்து, இரண்டுக்கும் இடையே இரண்டு விரற்கடை அகலத்துக்கு மணலை நிரப்பச் சொல்லுங்கள். காலையும் மாலையும் மணலில் நீர் தெளித்து, பானையின் வாயை ஈரத்துணியால் மூடி, காற்று வரும் நிழலில், தாழ்வாரத்தில் வையுங்கள். மணலின் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தையும் எடுத்துச் செல்வதால் உள்ளே வெளியைவிடச் சில டிகிரி குளிர்ச்சி இருக்கும். ஈரமும் இருப்பதால் காய் வாடாது. புதுதில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் செங்கல்லால் இரட்டைச் சுவர் எழுப்பி, இடையே மணல் நிரப்பி உருவாக்கிய மின்சாரமில்லாக் குளிர் அறையும் இதே அடிப்படையில்தான் இயங்குகிறது.

கத்தரி, வெண்டை, தக்காளி, வெள்ளரி ஆகியவற்றுக்கு இந்த மென்மையான குளிர்ச்சி மிகவும் பொருந்தும். காற்று வறண்டிருக்கும் பங்குனி முதல் ஆடி வரைதான் இது நன்றாக வேலை செய்யும். மழைக்காலத்தில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் நீர் ஆவியாகாது. அப்போது பானையை எடுத்துவிட்டு, காய்களை உலர்ந்த கூடையில் பரப்பி வைப்பதே சரி. பானையின் உட்புறத்தை வாரம் ஒரு முறை கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். நீர் ஊறிய பானை கனமாக இருக்கும் என்பதால் தாங்கள் தூக்க வேண்டாம். கூடைக்கார அம்மாளோ பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோ வரும்போது உதவச் சொல்லுங்கள். காய் வாங்கும்போது முழுப் பூசணிக்குப் பதில் கீற்றாகவும், கீரையில் அரைக் கட்டாகவும் கேளுங்கள். நாள்தோறும் வாங்கும் வாடிக்கைக்காரருக்குக் கூடைக்காரர்கள் அப்படிப் பிரித்துத் தருவது வழக்கம்தான்.